ஃப்ளோரா வெட்டிய உலகப் படம்

சாந்தோம், மயிலாப்பூர்
சனிக்கிழமை, 14-8-1943

அன்புமிக்க மாப்பிள்ளை வால்டர் அவர்களுக்கு மாமன் ராஜநாயகம் எழுதுவது. சர்வேசுரன் கிருபையில் இங்கே எல்லாரும் தேக சுகம். ஜபல்பூரில் தாங்களும் தங்கள் ரயில்வே உத்தியோகமும் அப்படியே என்று நம்புகிறேன்.

நிற்க. தங்கள் மனைவி ஃப்ளோராவுக்குக் கன்னியர் பள்ளிக்கூடத்தில் பூகோள டீச்சர் வேலை திங்கட்கிழமை வரைக்கும் இருக்கிறது. அதற்கப்புறம் எனக்குத் தெரியாது. நடந்தது இதுதான்: கண்டங்கள் எல்லாம் ஆதியில் ஒரே நிலமாம், அது பிளந்து விலகிப் போச்சாம், இந்தியா வடக்கே போய் ஆசியாவை இடித்ததில் மடிந்து எழும்பினதுதான் இமயமலையாம், இதை எட்டாம் வகுப்பில் சொல்லியிருக்கிறாள். தேவானை என்ற பெண் எழுந்து, "அப்ப இப்பவும் போய்க்கினு கீறமா டீச்சர்?" என்று கேட்க, இவள் ஆமாம் என்றாளாம். மறுநாள் காலையிலேயே அதன் தகப்பன் பொன்னுரங்கம் வந்து நின்னுட்டான். "மதரம்மா, மந்தவெளியாண்ட வூடு கட்டிக்கினு கீறேன். அஸ்திவாரம் போட்டாச்சு. பூமி நவுருதுன்னா இன்னா பண்றது?"

பள்ளிக்கூடத் தலைவி மதர் இவளைக் கூப்பிட்டு விசாரித்தார். இவள் நிரூபிக்கிறேன் என்று பள்ளிக்கூடத்துக்கு இருந்த ஒரே உலகப் படத்தைக் கத்தரியால் கண்டம் கண்டமாக வெட்டிப்போட்டாள். யுத்த காலத்தில் வேறு படத்துக்கு எங்கே போறது? கண்டம் நகருது என்று முதலில் சொன்னவன் யாரென்று மதர் கேட்டதற்கு, ஜெர்மன்காரர் ஒருத்தர் என்று வேறு சொல்லி வைத்தாள். திங்கட்கிழமை வகுப்பு முன்னால் மன்னிப்பு கேட்கணும், படத்தையும் ஒட்டித் தரணும் என்று உத்தரவு. அதுக்கு இவள், "படத்தை வெட்டினதுக்குக் கேக்கறேன் மதர். கண்டம் நகர்ந்ததுக்கு நான் பொறுப்பில்ல" என்றாளாம். நான் சொன்னால் கேட்கிறதில்லை. பூமி அதன் இடத்திலேயே இருக்கிறது என்று ஒத்துக்கொள்ளும்படி தாங்கள் கண்டித்து ஒரு கடிதம் எழுத வேண்டும்.

தேவமாதா தங்களைக் காத்து வருவாளாக.

இப்படிக்கு,
ராஜநாயகம்

பி.கு.: திங்கட்கிழமை. சனிக்கிழமை தபாலைத் தவறவிட்டுவிட்டேன், கடிதம் இங்கேயே கிடக்கிறது. நேற்று பூசை முடிந்து வந்ததும் ஃப்ளோரா என்னைப் பசை காய்ச்சச் சொன்னாள். ஒட்டுவதற்காகத் துண்டுகளைச் சாப்பாட்டு மேஜையில் பரப்பினேன். பிரேசிலின் தோள் ஆப்பிரிக்காவின் மடிப்புக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. எடுத்து எடுத்து மூன்று தடவை வைத்துப் பார்த்தேன். இன்று காலை நானே கூடப் போய், "மதர், பொருந்துது" என்றேன். அவரும் வைத்துப் பார்த்தார். பிறகு, "ஒட்டும்போது நடுவில் சமுத்திரம் விட்டு ஒட்டுங்கள்" என்றார். ஃப்ளோரா படத்துக்கு மட்டும் மன்னிப்பு கேட்டாள். வேலை இருக்கிறது. ஆகவே நான் கேட்ட கடிதத்தைத் தாங்கள் எழுத வேண்டாம். திருத்தி எழுத வேறு காகிதம் இல்லை. மேலே உள்ளதைப் படித்துவிட்டு, கீழே உள்ளதை மட்டும் நம்பவும்.