சொல்தாவுக்கு ஒரு வெள்ளிக் குழந்தை

பூனையைக் கோணிப்பையில் போட்டு, பையை ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு, வில்லியனூர் மாட்டாஸ்பத்திரியிலிருந்து ஒதியம்பட்டுக்கு சைக்கிள் மிதித்த மரியசுந்தரத்துக்கு ஒரே ஒரு கவலைதான். மனைவி அன்னாளிடம் என்ன சொல்வது?

டாக்டர் ஊருக்குப் புதுசு. வந்து பத்து நாள்கூட ஆகவில்லை. பூனையின் வயிற்றை அமுக்கினார், வாயை மோந்தார், உதட்டைப் பிதுக்கிப் பார்த்தார்.

“ரெண்டு கிட்னியும் தேஞ்சிபோச்சி பெரியவரே. பதினாலு வயசுன்னா சும்மாவா? உப்பு ஆவாது. கருவாட்டைக் கண்ணுலயே காட்டாதீங்க. பத்தியமா வெச்சிக்கினா இன்னும் கொஞ்ச காலம் ஓடும். இந்த நோவுக்கு இது எப்பவோ படுத்திருக்கணும். இன்னும் தெம்பா நிக்குது பாருங்க, அதான் ஆச்சரியம்.”

“நம்ம வளர்ப்பு சார்,” என்று மீசையைத் தடவிக்கொண்டார் மரியசுந்தரம். “இனிமேலயும் நான் பாத்துக்கறேன்.”

அது அவருடைய வாய்ப்பாடு. ரைஸ்மில்லில் இருபது வருஷமாக மேஸ்திரி. பெல்ட் அறுந்தாலும் சரி, பாய்லர் சீறினாலும் சரி, முதலாளி வாயைத் திறக்குமுன்னே “நான் பாத்துக்கறேன்” வந்துவிடும். பாதி நேரம் காரியமும் நடந்துவிடும். மீதி நேரத்தைப் பற்றி மில்லில் யாரும் அவரிடம் பேசுவதில்லை.

அந்த மில்லின் உமிமேட்டில் கிடைத்த குட்டிதான் சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிறவர்களை ஊரில் சொல்தா என்பார்கள். அவர்களைப் போலவே இதுவும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டு, ஒரு வேலையும் செய்யாமல் மரியாதை வாங்கிக்கொண்டிருந்தது. பிள்ளையில்லாத வீடு. அதற்கு வைக்காமல் அன்னாள் ஒரு கவளம் எடுத்ததில்லை. முன்பு ஓர் ஆட்டுக்குட்டி செத்ததற்கே மூன்று நாள் பச்சைத்தண்ணீர் பல்லில் படாமல் கிடந்தவள். இதைக் கேட்டால் பூனைக்கு முன்னால் அவள் போய்ச் சேர்ந்துவிடுவாள்.

“எங்க போயிட்டு வரீங்க ரெண்டு பேரும்?” அன்னாள் வாசலிலேயே மடக்கினாள்.

“மில்லுல எலித் தொல்ல. அதான் இவன இட்டுக்கினு போனேன்.”

“பல்லு கொட்டிப்போனத எலி புடிக்கவா?”

“பல்லு எதுக்கு? இவன் மூஞ்சியப் பாத்தாலே எலி ஓடிடும்.”

அன்னாள் இருவர் மூஞ்சியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

அன்றைக்கும் குழம்பு சப்பென்று இருந்தது. ஒரு வருஷமாகவே இந்த வீட்டில் உப்புக்குப் பஞ்சம். கேட்டால், “வயசாச்சி, கை மறந்துபோவுது” என்பாள். கருவாடும் வருவதில்லை. நாற்றம் தலையை வலிக்கிறதாம். பூனைக்கு நல்லதுதான். ஆனால் இந்த மறதியை நம்பி எப்படி இருப்பது? என்றைக்காவது அவளுக்கு உப்பு ஞாபகம் வந்து ஒரு பிடி அள்ளிப் போட்டுவிட்டால் சொல்தாவின் கதி?

மறுநாளே பனித்திட்டிலிருந்து கூடை சுமந்து வரும் தனக்கொடியை மில் வாசலில் நிறுத்தினார்.

“முள்ளு கம்மியா நல்ல மீனா எடு.”

“வூட்டுக்கா மேஸ்திரி?”

“வூட்டுக்கு இல்ல. நீ வாய மூடிக்கினு குடு.”

மீன்காரியிடம் வாயை மூடு என்று சொன்ன முதல் ஆள் அவராகத்தான் இருக்கும். அவள் அன்றைக்கு நாலு தெருவிலும் மீனோடு சேர்த்து இதையும் விற்றாள்.

மில் அடுப்பில் மீனை உப்பில்லாமல் வேகவைத்து, பிசைந்து, தூக்குவாளியில் எடுத்துவந்து, தோட்டத்து வைக்கோல்போருக்குப் பின்னால் சொல்தாவுக்கு ஊட்டினார். டாக்டர் கொடுத்த மருந்துக்கு இங்க் பில்லர். முதல் நாள் பில்லரைக் கண்டதும் சொல்தா அவர் கையில் அஞ்சு கோடு போட்டது. கோட்டைப் பார்த்து அன்னாள், “இன்னாங்க இது?” என்றாள். “முள்ளு,” என்றார். அவள் மஞ்சளை அரைத்துப் பூசினாள்.

சனிக்கிழமை, மருந்தோடு மாதாவும் இருந்தால் தேவலை என்று பட்டது. வில்லியனூர் மாதா கோயிலுக்குப் போனார். உடம்பில் எந்த இடத்தில் நோவோ, அந்த உருவத்தை வெள்ளித் தகட்டில் வாங்கி மாதாவின் காலடியில் வைப்பது வழக்கம். வாசலில் லூசியின் கடை.

“எது வேணும் ஐயா? கண்ணு, காலு, வூடு, மாடு, கொழந்த?”

அக்கம் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “பூனை இருக்குதா?”

லூசி சிரிக்கக்கூட இல்லை. சட்டென்று ஒரு குழந்தையை எடுத்து நீட்டினாள். “பூனைக்கின்னா கொழந்தயே வையுங்க. மாடு வெச்சா பலன் எந்த மாட்டுக்காச்சும் போயி சேந்துடும்.”

நியாயமாகத்தான் பட்டது. வெள்ளிக் குழந்தையை மாதாவின் காலடியில் வைத்து, “தாயே, அவ இருக்கற வரைக்கும் இதுவும் இருக்கணும்,” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினால், தூணோரத்தில் மெழுகுவர்த்தியும் கையுமாகப் பக்கத்து வீட்டுத் தையலம்மாள். வேண்டியது கேட்கும் தூரமில்லை. வைத்தது தெரியும் தூரம்.

அவர் வீடு திரும்புமுன் அவள் திரும்பிவிட்டாள்.

“யக்கா, நான் சொன்னேன்னு சொல்லாத. அண்ணன் கொழந்த உருவம் வெச்சி அழுவறாரு. உங்களுக்கு ஏது கொழந்த? முள்ளில்லாத மீனு யாருக்கு? சட்டப் பையில வெச்சிக்கினு திரியற பில்லரு யாருக்கு? நீயே ரோசன பண்ணு.”

பொழுது சாய்வதற்குள் மரியசுந்தரத்துக்குப் பண்டசோழநல்லூரில் ஒரு சின்ன வீடு கட்டி, அதில் ஒரு பெண்பிள்ளையைக் குடிவைத்து, ஒன்றரை வயசில் சீக்குப்பிள்ளையும் கொடுத்துவிட்டது ஊர்.

“அடப்பாவிங்களா! அது நம்ம மில்லு மாரிமுத்து கொழந்தைக்கி,” என்றார் மரியசுந்தரம். “காய்ச்சல்ல கெடக்குது. பாவம்னு வேண்டிக்கினேன்.”

தப்பித்தாயிற்று என்று அவர் துண்டை உதறித் தோளில் போடுமுன், தையலம்மாள் நாலு சாத்துக்குடியோடு மாரிமுத்து வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். காய்ச்சல்காரப் பிள்ளை புளியமரத்து உச்சியில் இருந்தது. அதன் தாய் வேலம்மாள் விளக்குமாற்றோடு மரியசுந்தரம் வீட்டுத் தெருவுக்கே வந்துவிட்டாள்.

“எம்புள்ளயப் படுக்க வெச்சது எந்த நாக்கு? வெளிய வரச் சொல்லு!”

நாக்கு தோட்டத்தில் வைக்கோல்போருக்குப் பின்னால் பதுங்கிக் கிடந்தது, பூனையை மடியில் வைத்துக்கொண்டு. அன்னாள்தான் வெளியே போய்ச் சமாதானம் சொல்லி அனுப்பினாள். திரும்பி வந்து சோறு போட்டாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. திட்டித் தொலைத்திருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

சேதி எட்டி, செவ்வாய்க்கிழமை பாகூரிலிருந்து முதல் பஸ்ஸில் அன்னாளின் அண்ணன் பாஸ்கல் வந்து இறங்கினார். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

“மாப்ளே, வாய்ப்பேச்சு வேணாம். ‘வேற எடத்துல எனக்குக் கொழந்த இல்ல, அந்த உருவம் இன்னாருக்கு’ன்னு மாதா முன்னால நின்னு சத்தியம் பண்ணுங்க.”

“சத்தியமெல்லாம் வேணாண்ணே!” பதறியது அன்னாள்தான். “கோயிலாண்டயே போவ வேணாம். நான் எதுனா கேட்டனா? வுடுண்ணே.”

இப்படித் தாங்குகிறாளே என்று நினைத்துக்கொண்டார் மரியசுந்தரம். பாஸ்கல் விடவில்லை. தையலம்மாள் கூப்பிடாமலே முன்னால் நடந்தாள்.

மாதா முன்னால் நின்றபோது, வாழ்க்கையில் முதல்முறையாக மரியசுந்தரத்துக்கு அந்த வாய்ப்பாடு வரவில்லை. மாதாவிடம் பொய் சொல்ல முடியாது. மெய் சொன்னால் அன்னாள் இங்கேயே விழுந்துவிடுவாள். சின்ன வீட்டுக்காரன் என்று பேர் வந்தால் என்ன? ஒரு மாசம் அழுவாள், ஏசுவாள், பிறகு சோறு தின்பாள். உயிரோடு இருப்பாள். அது போதும்.

“சத்தியம் பண்ணமாட்டேன் மச்சான்,” என்றார். “நீங்க இன்னா நெனச்சிக்கினாலும் சரி.”

“பாத்தியா, பாத்தியா!” என்றாள் தையலம்மாள்.

பாஸ்கல் அவர் கையைப் பிடித்துத் தரதரவென்று லூசியின் கடைக்கு இழுத்தார். அன்னாள் அண்ணன் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தாள். “வேணாண்ணே, அந்தக் கடைக்கி மட்டும் வேணாண்ணே!”

“சும்மா இருடி! இந்தாம்மா, போன சனிக்கெழம இந்தாளு யாரு கொழந்தைக்கி உருவம் வாங்கினாரு?”

லூசி மரியசுந்தரத்தைப் பார்த்தாள், அவருக்குப் பின்னால் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்ட அன்னாளைப் பார்த்தாள், கன்னத்தில் கைவைத்தாள்.

“அடக் கடவுளே, நீங்க ரெண்டு பேரும் ஒரே வூடா? போன வருஷம் இந்தம்மாவும் இதே மாதிரிதான் கண்ணத் தொடச்சிக்கினு, ‘பூனைக்கி கிட்னி போயிடுச்சாம், எங்க வூட்டுக்காரரு கேட்டா தாங்கமாட்டாரு, சோத்துக்கே உப்பு போடாம நான் பாத்துக்கறேன்’னு சொல்லி ஒரு கொழந்த வாங்கிக்கினு போனாங்க!”