ஒன்பது இசைக்குழுவும் என் கால அட்டவணையும்

நான் பேருந்துப் பணிமனையில் கால அட்டவணை போடுபவன். இருபத்திரண்டு வருஷ அனுபவம். நானூறு பேருந்துகள் என் பென்சில் நுனியில் ஓடுகின்றன. அவை நேரத்துக்கு வருவதில்லையே என்று கேட்காதீர்கள். அது ஓட்டுநர்கள் குற்றம். என் காகிதத்தில் இன்றுவரை ஒரு பேருந்தும் தாமதமாக வந்ததில்லை.

இப்படிப்பட்டவன் கையில் ஓர் இசை விழா விளம்பரம் கிடைத்தால் சும்மா இருக்க முடியுமா? ஒரே மைதானம், இரண்டு மேடை, ஒன்பது இசைக்குழு. பகல் பன்னிரண்டு முதல் மாலை ஏழு வரை. ஓடினேன் மனைவியிடம்.

“ஒரே டிக்கெட்! ஒன்பது குழு!”

“அதுல உங்களுக்குப் பிடிச்சது எத்தனை?”

“ஒண்ணு.”

“அப்ப மீதி எட்டு?”

“இலவசம்மா, இலவசம்!”

“தலைவலியும் இலவசமா?”

அவள் ஒரு கிளினிக்கில் வரவேற்பு மேஜையில் உட்கார்பவள். நாள் முழுக்க நோயாளிகளோடு பழகி, என்னையும் ஒரு நோயாளியாகவே பார்ப்பாள். போகட்டும்.

அந்த ஒரு குழுவை நான் கல்லூரி நாளிலிருந்து கேட்கிறேன். ஒருமுறைகூட நேரில் கேட்டதில்லை. அவர்கள் எப்போது ஊருக்கு வந்தாலும் எனக்குக் காய்ச்சல் வரும், இல்லாவிட்டால் மாமனார் வருவார். இந்தமுறை விடுவதில்லை என்று சபதம் செய்தேன்.

விளம்பரத்தை உற்றுப் பார்த்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. ஐந்து பத்துக்கு முதல் மேடையில் என் ஆட்கள். அதே ஐந்து பத்துக்கு இரண்டாம் மேடையில் ஒரு பெண்கள் குழு. அந்தக் குழுவின் பாட்டு இல்லாமல் என் மனைவி குக்கரைக்கூட அடுப்பில் ஏற்ற மாட்டாள். பல குழுக் கச்சேரியில் இதுதான் பெரிய சங்கடம். எல்லாம் கிடைக்கும்; எல்லாம் ஒரே நேரத்தில் கிடைக்கும்.

“நீ அங்கே போ, நான் இங்கே நிற்கிறேன்” என்று சொல்லலாமே என்பீர்கள். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் அப்படிச் சொல்லிப் பிழைத்தவன் யாராவது இருந்தால் எனக்குக் காட்டுங்கள். காலில் விழுகிறேன்.

ஆகவே என் தொழிலைக் கையில் எடுத்தேன். நாலு வண்ண மையில் ஒரு கால அட்டவணை. அதில் அவளுடைய பெண்கள் குழுவை இரண்டரை மணிக்குப் போட்டேன். உண்மையில் அந்நேரம் இரண்டாம் மேடையில் யாரோ எட்டுப் பேர் டிரம் அடிப்பதாக இருந்தது. இரண்டரைக்கு டிரம் கேட்டதும் நான் திடுக்கிட வேண்டும். அவ்வளவுதான் திட்டம். கண்ணாடி முன் நின்று நாலு தடவை திடுக்கிட்டுப் பார்த்தேன். அருமையாக வந்தது.

“எவ்வளவு அழகா போட்டிருக்கீங்க!” என்றாள், அட்டவணையைப் பார்த்துவிட்டு. எனக்கு அன்று சாப்பாடே இறங்கவில்லை, அவ்வளவு பெருமை.

விழா நாளில் சொன்னபடி இரண்டரைக்கு எட்டுப் பேரும் டிரம்மைப் போட்டுப் பிளந்தார்கள். நான் திடுக்கிட்டேன்.

“அடடே! மாத்திட்டாங்க போலிருக்கே! உன் ஆளுங்க வரலையாம்மா!”

“அப்படியா? பாவம், அவங்களுக்கு என்ன கஷ்டமோ.”

ஒரு கோபம் இல்லை, ஒரு முணுமுணுப்பு இல்லை. மனசு கேட்காமல் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன். இரண்டாகவே வாங்கிக் கொடுத்தேன்.

முதல் மேடைக்கு முன்னால் இருந்த தடுப்புக் கம்பியை நாலு மணிக்கே பிடித்துவிட்டோம். ஆனால் ஐந்து மணிக்கும் என் ஆட்களுக்கு முன்னால் இன்னும் இரண்டு குழு பாக்கி இருந்தது. என்ன ஆயிற்று என்றால், பணிமனையில் ஒரு பேருந்து நகர்ந்ததும் அடுத்தது அந்த இடத்தில் வந்து நிற்கும். அந்தப் பழக்கத்தில், முதல் மேடையில் குழுவுக்கும் குழுவுக்கும் நடுவே விளம்பரக்காரர்கள் ஒரு நிமிஷம்கூட விடாதது எனக்குத் தப்பாகவே படவில்லை. இங்கேயோ ஒரு குழு இறங்கினால் ஒரு டிரம்மைக் கழற்றுகிறார்கள், இன்னொரு டிரம்மைப் பூட்டுகிறார்கள். ஒருவன் மைக் முன்னால் நின்று “செக், செக்” என்கிறான். இருபது நிமிஷம் போய்விடுகிறது.

“எங்க கிளினிக்லயும் இதே கதைதாங்க,” என்றாள் மனைவி. “பத்து மணின்னு சீட்டு குடுப்போம். உள்ள போக பதினொண்ணரை ஆகும். சரி, நான் பாத்ரூம் போயிட்டு வரேன். வரிசை பெருசா இருக்கும். நீங்க கம்பிய விட்ராதீங்க, இடம் போயிடும்.”

“நான் இருக்கேன், நீ போ!”

கம்பியை இரண்டு கையாலும் பிடித்தேன். ஐந்து பத்து கடந்தது, ஐந்தரை கடந்தது. என் திட்டம் பலித்துவிட்டது! ஒரு பெண்மணி ஒன்றுமறியாமல் பாத்ரூம் வரிசையில் நிற்கிறாள். கொஞ்சம் வெட்கமாகவும் நிறையப் பெருமையாகவும் இருந்தது.

ஒலிபெருக்கியில் யாரோ ஏதோ அறிவித்தார்கள். “செக், செக்”கில் எனக்கு ஒன்றும் காதில் விழவில்லை. உடனே என்னைச் சுற்றி நின்றவர்கள் பலர் கிளம்பிப் போனார்கள். பொறுமை இல்லாத ஜனங்கள்! எனக்கு நன்றாகக் காலை அகட்டி நிற்க இடம் கிடைத்தது. ரசிகன் என்றால் கடைசிவரை நிற்க வேண்டும் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னேன். அவரும் போய்விட்டார்.

ஆறு மணிக்குப் போன் அடித்தது. மனைவி!

போச்சு, கண்டுபிடித்துவிட்டாள், இரண்டாம் மேடைக்கு வா என்று இழுக்கப் போகிறாள் என்று நினைத்தேன். போனை வெட்டினேன். மறுபடி அடித்தது. வெட்டினேன். மூன்றாம் முறை அடித்ததும் அணைத்தே விட்டேன். கல்லூரி நாளிலிருந்து காத்திருக்கிறேன், விட்டுக்கொடுப்பேனா?

ஆறே முக்காலுக்கு அவள் வந்தாள். தலை கலைந்திருந்தது. குரல் கட்டியிருந்தது. பாக்கி இரண்டு குழுவும் பாடிவிட்டுப் போயிருக்க, மேடையில் இரண்டு பேர் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள்.

“ஏங்க போனை எடுக்கல?”

“சத்தத்துல கேக்கலம்மா. எங்க ஆளுங்க இன்னும் வரல. கொஞ்சம் லேட்டு.”

“இந்த மேடை லேட்டாகுதுன்னு அவங்கள அந்த மேடைக்கு மாத்திட்டாங்க. அதச் சொல்லத்தான் மூணு தடவ கூப்பிட்டேன். உங்களுக்கு முன்னாடி இடம்கூடப் பிடிச்சு வச்சிருந்தேன்.”

கம்பி என் கையிலிருந்து நழுவியது.

“நீ… நீ எதுக்கு அந்த மேடைக்குப் போன?”

“எங்க ஆளுங்க பாடினாங்கல்ல, அஞ்சு பத்துக்கு! அந்த போஸ்டர் ஒரு மாசமா கிளினிக்ல என் நாற்காலிக்கு எதிர்லயே ஒட்டியிருக்குங்க.”

திடுக்கிடக்கூட வரவில்லை. கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டேன்.

“எங்க ஆளுங்க… நல்லாப் பாடினாங்களா?”

“கடைசிப் பாட்ட ரெண்டு தடவ பாடினாங்க,” என்றாள் அவள் பெருமையாக. “ஒன்ஸ்மோர் கேட்டதே நான்தான்!”