இதர செலவுக்கு விலாசம் கேட்ட அக்கா

விலை கேட்காமல் தும்மக்கூட மாட்டார் எங்கள் கொட்டேஷன் அக்கா. அவருக்கு விலை சொல்லிக் களைத்துப்போகாத கடைக்காரர் தஞ்சாவூர் ஜில்லாவில் ஒருவர் இருந்தால், அந்த ஆள் நேற்றுதான் கடை திறந்திருக்க வேண்டும்.

திருக்காட்டுப்பள்ளி பக்கத்தில், நடக்க முடியாத குழந்தைகளுக்குப் பகலில் பயிற்சி கொடுக்கும் சின்ன மையம் எங்களுடையது. நான் செயலாளர், அவர் கணக்காளர். அறக்கட்டளைகளிடம் நிதி கேட்டு விண்ணப்பம் எழுதுவது என் வேலை, அதற்குப் பட்ஜெட் போடுவது அவர் வேலை. ‘முழுமையான மேம்பாடு’ என்று நாலு பக்கம் எழுதச் சொன்னால் ஜோராக எழுதுவேன். குழந்தைகள் படுக்கிற பயிற்சிப் பாய் என்ன விலை என்று கேட்டால் திருதிருவென்று முழிப்பேன்.

பெரிய சாமான்களுக்கு மூன்று கொட்டேஷன் வாங்க வேண்டும் என்பது நிதி தருகிறவர்களின் விதி. அக்கா அதைத் துடைப்பத்துக்கும் வைத்துக்கொண்டார். மீட்டிங்குக்கு டீ வாங்கச் சொன்னால் மூன்று கடைக்கும் போய் விலையையும் டம்ளர் அளவையும் குறித்துக்கொண்டு வருவார். அதற்குள் வந்தவர்கள் பஸ் ஏறியிருப்பார்கள்.

ஒருமுறை பல்வலி. கன்னம் பணியாரம் மாதிரி வீங்கியிருக்க, பிடுங்க என்ன ஆகும் என்று ஒவ்வொரு ஊராகப் போய் மூன்று டாக்டரிடம் விசாரித்தார். மூன்றாவது டாக்டர் வாயைத் திறப்பதற்குள் வலியே அலுத்துப்போய் நின்றுவிட்டது. மகளுக்கு வந்த முதல் வரனை வீட்டில் எல்லோருக்கும் பிடித்துவிட்டது. “இன்னும் ரெண்டு பாத்துடுவோம்” என்று அக்கா ஒற்றைக் காலில் நின்றார். கடைசியில் முதல் மாப்பிள்ளையே முடிந்தது. “மத்த ரெண்டையும் பாத்தப்புறம்தான் சார் இவரு அருமை தெரிஞ்சுது” என்றார்.

அவருக்கு உலகத்தில் ஒரே ஒரு எதிரி உண்டு. பட்ஜெட்டின் கடைசி வரியில் எல்லோரும் எழுதுகிற ‘இதர செலவுகள்’.

“இதரன்னா யாரு சார்? அவரு வீடு எங்க இருக்கு? போய் விலை கேட்டுட்டு வரேன்” என்பார்.

அந்த வருஷம் பழைய நிதி முடியப்போகிறது. கையில் இருந்தது ஒரே விண்ணப்பம், சென்னையில் உள்ள ஓர் அறக்கட்டளைக்கு. அது தவறினால் மையத்தைப் பூட்ட வேண்டியதுதான். பத்தொன்பது குழந்தைகள். நாலு மாதம் பயிற்சி விட்டால் இறுகிப்போய்விடும் கால்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

அக்கா பட்ஜெட்டை நீட்டினார். நடுவில் ஒரு வரி: ‘தூக்குக் கூலி - நடவு, அறுப்பு மாதங்கள்.’

“என்னக்கா இது? புள்ளைங்களா, நெல்லு மூட்டையா?”

“தேன்மொழி வீடு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் சார். ஆட்டோ இந்தக் கரையோட நின்னுடுது. அவங்கம்மாதான் மூங்கில் பாலத்துல தூக்கிட்டு வராங்க. நடவு வந்துட்டா அவங்க காலங்காத்தால வயலுக்குப் போயிடுவாங்க. புள்ளைய யாரு தூக்குறது? இதே மாதிரி இன்னும் நாலு வீடு இருக்கு.”

“இப்படி எழுதுனா சிரிப்பாங்கக்கா.”

“சிரிக்கட்டும். சிரிச்சுட்டுக் குடுக்கட்டும்.”

எனக்குத்தான் வெட்கம் தாங்கவில்லை. அவர் வீட்டுக்குப் போனதும் அந்தத் தொகையை அப்படியே கடைசி வரியில் ‘இதர செலவுகள்’ என்று மாற்றி அனுப்பிவிட்டேன். புத்தி போகிற போக்கைப் பாருங்கள்.

விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் அதிகாரி அம்மாள் ஒருநாள் நேரிலேயே வந்தார். குழந்தைகளைப் பார்த்தார், பதிவேட்டைப் பார்த்தார், நேராகக் கடைசி வரியில் விரலை வைத்தார்.

“இதர செலவு இவ்வளவு இருக்கே, என்ன இது?”

“அது வந்து மேடம்... எதிர்பாராத தேவைகள்...”

“எதிர்பாராததுக்கு எப்படி ரூபாய் சுத்தமாக் கணக்குப் போட்டீங்க? விளக்கம் இல்லாத வரி இருந்தா நான் இதைக் கமிட்டிக்கு அனுப்ப முடியாது.”

அக்கா எட்டிப் பார்த்தார். வரியைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார் பாருங்கள், அந்த இடத்திலேயே நான் பாதி ஆளாகிவிட்டேன். மஞ்சப்பையிலிருந்து மூன்று தாள்களை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

“இது தூக்குக் கூலி மேடம். ஆட்டோ போகாத வீட்டுப் புள்ளைங்களை, அவங்கம்மா நடவுக்குப் போற மாசத்துல, பாலம் தாண்டித் தூக்கிட்டு வர. மூணு கொட்டேஷன் இருக்கு. ஒண்ணு, நெல் கொள்முதல் நிலையத்து லோடுமேன். ரெண்டாவது, தேன்மொழிங்குற புள்ளையோட தெருவுல இருக்குற வேற ஒரு அம்மா. அரைநாள் நடவுக் கூலி போயிடும், அதைக் குடுங்கன்னாங்க. மூணாவது, நம்ம ஆட்டோக்காரரு. காசே வேணாம், நானே தூக்குறேன்னு கையெழுத்துப் போட்டிருக்காரு. நான் எடுத்தது ரெண்டாவது.”

“இருக்கறதுலயே அதிகமானதை ஏன் எடுத்தீங்க?”

குறைந்த விலையை விட்டதாக அக்காவின் சரித்திரத்திலேயே கிடையாது.

“லோடுமேன் கம்மியாத்தான் கேட்டாரு. ஆனா தோள்ல போட்டுத்தான் தூக்குவேங்குறாரு. புள்ளைக்கு முதுகு வளையக் கூடாது. ஆட்டோக்காரரு தங்கமான மனுசன். ஆனா ஆட்டோல மத்த புள்ளைங்க உக்காந்திருக்கும், விட்டுட்டுப் பாலம் தாண்ட முடியாது. இன்னொண்ணு மேடம், காசு வாங்காதவரு ஒருநாள் வரலைன்னா நான் எந்த வாயால கேக்குறது? அந்தம்மா வரலைன்னா வாசல்ல போய் நிப்பேன்ல?”

அதிகாரி அம்மாள் மூன்று தாள்களையும் திரும்பத் திரும்பப் படித்தார். சிரித்தார். பேனாவை எடுத்து ‘இதர செலவுகள்’ என்பதை அடித்துவிட்டு, மேலே ‘தூக்குக் கூலி’ என்று எழுதி என்னிடம் நீட்டினார்.

“இப்படியே மாத்தி அனுப்புங்க சார். இனிமே பட்ஜெட்ல நீங்க கை வைக்காதீங்க.”

மூன்று வாரம் கழித்து நிதி கிடைத்ததாக மெயில் வந்தது. அப்பாடா! பயிற்சிப் பாயிலேயே உட்கார்ந்துவிட்டேன். கண்ணில் தண்ணீர் வந்தது, மறைக்கவில்லை.

“எந்திரிங்க சார், பாய் அழுக்காவுது” என்றார் அக்கா. “அது என்ன விலைன்னு இப்பவாச்சும் தெரியுமா?”

போன தையில் மகள் பிரசவத்துக்காக ஒரு மாதம் லீவு போட்டார். கிளம்பும்போது, “என் எடத்துக்கு மூணு பேரைப் பாத்து, நல்லா விசாரிச்சு, ஒருத்தரை வையுங்க” என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார். பேத்தி பிறந்த சர்க்கரையோடு திரும்பி வந்தவர், அவருடைய நாற்காலி காலியாக இருப்பதைப் பார்த்தார்.

“எங்க சார் மூணு பேரு?”

“நான் யாரையும் கேக்கலக்கா.”

“ஏன்?”

“மத்த ரெண்டு பேரைப் பாக்காமலே உங்க அருமை எனக்குத் தெரியும்” என்றேன்.