ரிப்பேருக்குப் போன ஸ்டூல்

எங்கள் பழைய மேனேஜர் ஒரு ஸ்டூல் திருடர். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது. அறுபது வயது தாண்டிய ஒரு மனிதரின் மர ஸ்டூலை, அவர் பாத்ரூம் போன நேரம் பார்த்து எடுத்தார். இன்று வரை பதில் சொல்லவில்லை.

ஸ்டூலுக்குச் சொந்தக்காரர் எங்கள் அயர்ன் மாஸ்டர். தன் முட்டியோடு அவரைப் போல வாய்ச்சண்டை போட்ட மனிதர் திருப்பூரிலிருந்து மூலனூர் வரை தேடினாலும் கிடைக்க மாட்டார்.

ஏற்றுமதிக் கோட்டா ஒழிந்து ஆர்டர் கொட்டிய வருடங்கள் அவை. நான் அதே பனியன் கம்பெனியில் பேக்கிங்கில் இருந்தேன். அயர்ன் மேசைக்குக் கீழே ஒரு பெடல் உண்டு. மிதித்தால் மேசை ஆவியை உறிஞ்சும். வலது காலால் மிதித்து மிதித்தே மாஸ்டரின் வலது முட்டி போயிருந்தது. அந்த முட்டிக்கு அவர் வைத்த பெயர் மாப்பிள்ளை.

"தாங்கோணும், தடவோணும், சுடுதண்ணி வெச்சுக் குடுக்கோணும். அப்பவும் மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டுத்தான் இருப்பாரு. வேற என்ன பேருங்க வெக்கறது?"

கம்பெனியே அவரை மாப்பிள்ளை மாஸ்டர் என்றது.

காலையில் முட்டி மரக்கட்டையாக இருக்கும். அதனால் எல்லோருக்கும் முன்னால் வந்து கேட்டுக்குள் சுற்றிச் சுற்றி நடப்பார். நடந்தபடியே பேச்சுவார்த்தை. "வாங்க மாப்ள. ஒறம்பரை சனமெல்லாம் வந்தாச்சு. நீங்க மட்டும் மடங்க மாட்டீங்கறீங்க." செல்போனில் பேசுகிறார் என்றுதான் வாட்ச்மேன் முதலில் நினைத்தார். கையில் போன் இல்லை என்று தெரிந்த பிறகு கொஞ்ச நாள் தள்ளியே நின்றார்.

சங்கு ஊதுவதற்குள் மாப்பிள்ளை சமாதானமாகிவிடுவார். பிறகு, கழுத்துப்பட்டி தைத்து மிச்சமான ரிப் துணியை ஸ்டீம் அயர்னில் சூடாக்கி, கன்னத்தில் வைத்துப் பதம் பார்த்து, குழாய் மாதிரி முட்டியில் மாட்டிக்கொள்வார்.

ஒரு காலத்தில் மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கி மிட்டாய் மாதிரி முழுங்கிக்கொண்டிருந்தார். வயிறு எரிந்து பெரியாஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டரம்மா திட்டித் தீர்த்துவிட்டார். சும்மா கடை மாத்திரை முழுங்கக் கூடாது. ஒரேயடியாக நிற்கவும் கூடாது, ஒரேயடியாக உட்காரவும் கூடாது. உட்கார்ந்து காலை நேராக நீட்டிப் பத்து எண்ண வேண்டும். தொடைக்குப் பலம் வந்தால்தான் முட்டிக்கு நிம்மதி.

மறுநாளே வீட்டிலிருந்து ஸ்டூல் வந்தது. ஒரு கட்டுத் துணியை நின்று தேய்ப்பார். அடுத்த கட்டை உட்கார்ந்து தேய்ப்பார். நடுவில் காலை நீட்டுவார். நீட்டினால் போச்சு, ரயில்வே கேட் போட்ட மாதிரி நடைபாதை அடைத்துவிடும்.

பேக்கிங்கில் இருந்த தூத்துக்குடிக்காரப் பெண் கத்துவாள்: "அண்ணாச்சி, கால எடுங்க. பொட்டியத் தூக்கிட்டுப் போவணும்லா!"

"அஞ்சு ஆச்சு கண்ணு, இன்னும் அஞ்சுதான். நில்லு சாமி."

ஒரு நாள் மேனேஜர், ஆர்டர் கொடுக்கிற பையர் ஆபீஸ் மேடத்தைக் கூட்டிக்கொண்டு அந்த வழியாக வந்தார். கேட் போட்டிருந்தது.

"ஏழு... வாங்க சார்... எட்டு... வாங்க மேடம், ஒம்போது..."

மேடம் சிரித்தார். மேனேஜர் சிரிக்கவில்லை. அன்று சாயங்காலம் ஸ்டூலைக் காணோம். காலையில் போர்டில் அறிவிப்பு: 'அயர்ன் செக்‌ஷனில் ஸ்டூல், சேர், பெஞ்ச் கூடாது.'

மாஸ்டர் போய்க் கேட்டார். மேனேஜர் கம்ப்யூட்டரை விட்டுத் தலையைத் திருப்பவில்லை. "நிக்க முடிஞ்சா வேலை பாருங்க. முடியலைன்னா சனிக்கிழமை கணக்கு முடிச்சுட்டு வீட்டுல ரெஸ்ட் எடுங்க."

"ரெஸ்டுங்களா? ஊட்டுல உக்காந்தா இவரு ஊட்டோட மாப்ளையாயிருவாருங்க சார். அப்பறம் என்னைய எந்திரிக்கவே உடமாட்டாரு. என்ற சோத்த நாந்தானுங்க சம்பாரிக்கோணும்."

எங்களுக்கெல்லாம் சனிக்கிழமை தெரிந்துவிட்டது. மாஸ்டருக்கு மட்டும் தெரியவில்லை.

அவர் குடியிருந்தது அனுப்பர்பாளையத்தில், பாத்திரப் பட்டறை வீதி. மறுநாள் டவுன் பஸ்ஸில் ஓர் எவர்சில்வர் அண்டாவோடு ஏறினார். கல்யாணச் சமையலுக்கு எடுக்கிற அண்டா, ஒடுக்கு விழுந்து பட்டறையில் ஒதுக்கியது. கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கேட்டார்.

"இது லக்கேஜில்லீங்க, என்ற சீட்டு. உங்க வண்டில எப்பத்தான் எடம் இருந்திருக்குது?" என்று அதைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தே வந்தார்.

அயர்ன் மேசைக்குப் பக்கத்தில் அண்டா கவிழ்ந்தது. அவர் உட்காரும்போதெல்லாம் கோயில் மணி மாதிரி ஒரு சத்தம். அந்தச் சத்தத்துக்கே மேனேஜர் ஓடி வந்தார்.

"என்னங்க இது?"

"அண்டாங்க."

"போர்டு பாக்கலையா?"

"பாத்தனுங்க. ஸ்டூலு, சேரு, பெஞ்சு. அண்டான்னு போடலீங்களே."

"இப்பவே போடறேன்" என்று மேனேஜர் மார்க்கர் பேனா எடுக்கப் போனார். அந்த நேரம் பார்த்து வாசலில் கார் வந்து நின்றது. அதே மேடம். இந்த முறை ஆட்களுக்கு என்ன வசதி இருக்கிறது என்று செக்‌ஷன் செக்‌ஷனாகப் பார்க்க வந்திருந்தார்.

அயர்ன் மேசைக்கு வந்ததும் கேட்டார்: "நாள் பூரா நின்னு வேலை பாக்கறவங்க உட்கார இடம் எங்கே?"

மேனேஜர் கையில் மார்க்கர். சட்டென்று அண்டாவைக் காட்டினார். "இதோ மேடம், சீட்டிங்."

மாஸ்டர் நிதானமாக எழுந்தார்.

"இல்லீங்க மேடம், இது அண்டாங்க. சீட்டு இங்கதான் இருந்துச்சு. எங்க போச்சுன்னு சாருக்குத்தான் தெரியுமுங்க."

மேடம் மேனேஜரைப் பார்த்தார்.

"ரிப்பேருக்குப் போயிருக்கு மேடம்."

"வந்துருமுங்களா சார்?"

"வந்துரும்."

"அது வர்ற வரைக்கும் அண்டா இருக்கலாமுங்களா? நானும் இருக்கலாமுங்களா?"

மேடம் இன்னும் மேனேஜரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருங்க" என்றார் மேனேஜர்.

ஸ்டூல் வரவே இல்லை. அதனால் அண்டா போகவே இல்லை. மாஸ்டர் அதில் உட்கார்ந்தும் எழுந்தும், கேட் போட்டும் கேட் திறந்தும், தனக்குப் போதும் என்று தோன்றுகிற வரை தேய்த்தார். வேறு யாருக்குக் கால் வலித்தாலும் எழுந்து அண்டாவைக் கொடுப்பார். வேலையை விட்ட அன்று அதை என் பக்கம் தள்ளிவிட்டு, "வெச்சுக்கங்க, உங்களுக்கும் ஒரு நாளைக்கு மாப்ள வருவாரு" என்றார்.

வந்துவிட்டார். எனக்கு இடது காலில்.

மேனேஜர் சார், உங்களுக்கும் இப்போது அறுபது தாண்டியிருக்கும். எந்த ரிப்பேர் கடை? அந்த ஸ்டூலில் என்ன உடைந்திருந்தது? இதே பத்திரிகையில், எல்லோரும் படிக்கிற மாதிரி, உங்கள் பெயரைப் போட்டுப் பதில் எழுதுங்கள். நின்றுகொண்டே எழுதுங்கள்.

நடுவில் முட்டி பிடித்துக்கொண்டால் ஆள் அனுப்புங்கள், அண்டா என் வீட்டில்தான் இருக்கிறது. மாஸ்டர் அதை யாருக்கும் இல்லை என்று சொன்னதில்லை.