கப்பல் குளத்தில் என்ன தண்ணீர்?

கீரப்பாளையம்,
12.3.2010

கடல்மேல் உத்தியோகம் பார்க்கும் மாப்பிள்ளை எழிலன் அவர்களுக்கு, மாமனார் தேவநாதன் எழுதுவது. இங்கே என் முழங்காலையும் உங்கள் அத்தை கொளஞ்சியம்மாளின் கோபத்தையும் தவிர மற்றதெல்லாம் சுகம். தங்கள் சுகத்துக்கும், தங்கள் கப்பலின் சுகத்துக்கும், அதில் காசு கொடுத்து ஏறிக் குளிக்கிற வெள்ளைக்காரர்களின் சுகத்துக்கும் சேர்த்தே சாமி கும்பிட்டு வருகிறேன். துறைமுகத்தில் இறங்கி நீங்கள் போன் போட்டால் ஏழு நிமிஷம் பேசுகிறீர்கள். அதில் ஐந்து நிமிஷம் ‘கேக்குதா, கேக்குதா’ என்பதிலேயே போய்விடுகிறது. நான் சொல்ல வேண்டியது மீதி இரண்டு நிமிஷத்துக்குள் அடங்காது. ஆகவே உங்கள் கம்பெனியின் மும்பை விலாசத்துக்கு இந்தக் கடிதத்தை அனுப்புகிறேன்.

சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். கப்பலின் மேல்தளத்தில் நீங்கள் வேலை பார்க்கிறீர்களே, அந்த நீச்சல் குளம், அதில் இருப்பது கடல் தண்ணீரா நல்ல தண்ணீரா என்பதை ஒரே வரியில் எழுதி, கையெழுத்துப் போட்டு, முடிந்தால் மேலதிகாரியின் முத்திரையும் வாங்கி, மூன்று பிரதி உடனே அனுப்பவும். இதென்ன கிறுக்குத்தனம் என்று நினைக்க வேண்டாம். ஏழாம் மாசம் முடியப்போகிற என் மகள் இளமதி, இந்நேரம் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டில் இருக்க வேண்டியவள், இன்னும் கிள்ளையில் உங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். அவளுக்காக வெள்ளையடித்த அறை இங்கே காலியாகக் கிடக்கிறது. அதற்குக் காரணம் அந்தக் குளம். குளமில்லை, நான்தான் காரணம் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிவருகிறாள் உங்கள் அத்தை.

போன ஞாயிற்றுக்கிழமை வளைகாப்புக்கு நாங்கள் கிள்ளைக்கு வந்தோம். உங்கள் அத்தை ஏழு வகைச் சாதம் கிளறி ஏழு தூக்கில் அடைத்து, சிதம்பரத்தில் பஸ் மாறும்போது ஒரு தூக்கின் மூடி கழன்று எலுமிச்சைச் சாதம் கண்டக்டர் காலில் கொட்டி, பிள்ளைத்தாய்ச்சிக்குப் போகிற சாதம் என்று சொன்னதும் அந்தப் புண்ணியவான் காலை உதறிக்கொண்டு டிக்கெட் கிழிக்கப் போய்விட்டார், அப்படியாக ஒருவழியாய் வந்து சேர்ந்தோம். உங்கள் அப்பா, சம்பந்தி ராஜமாணிக்கம் அவர்கள், வாசலுக்கே வந்து கூட்டிக்கொண்டு போனார். அவர் இருபது வருஷம் இறால் பண்ணையில் மேஸ்திரி. நான் முப்பத்து நாலு வருஷம் ஊராட்சி டேங்க் ஆபரேட்டர். அவர் உப்புத் தண்ணீரில் சாப்பிட்டவர், நான் நல்ல தண்ணீரில் சாப்பிட்டவன். பெண் கொடுத்த நாள் முதலாக எங்களுக்குள் இந்தக் கேலி உண்டு. உங்க டேங்க் தண்ணியில ஒரு எறா பொழைக்குமா சம்பந்தி என்பார். உங்க குட்டைத் தண்ணியில ஒரு டீ போட முடியுமா சம்பந்தி என்பேன். இருவரும் சிரித்துவிட்டு வெற்றிலை போடுவோம்.

அன்றைக்கும் அப்படித்தான் ஆரம்பித்தது. உள்ளே பெண்கள் ஒவ்வொருவராக இளமதிக்கு வளையல் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆண்களுக்கு ஒரு பக்கம் இலை போட்டாயிற்று. சம்பந்தி புளிச்சாதத்தை ஒரு வாய் வைத்துவிட்டு, உப்பு கம்மியா இருக்குதே என்றார். கிளறியவள் பக்கத்தில் கரண்டியோடு நிற்கிறாள். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். “அதுக்கென்ன, உங்க மகனோட கப்பல் கொளத்துலேருந்து ஒரு சொம்பு மொண்டாந்து ஊத்திக்கலாமே” என்றேன். நாலு பேர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அது நல்ல தண்ணிக் கொளம் என்றார். இல்லை, உப்புத் தண்ணி என்றேன். நல்ல தண்ணி என்றார் மறுபடி, இந்தத் தடவை கண்ணைக் காட்டினார். அந்தக் கண் ஜாடை எனக்கு அப்போது புரியவில்லை, ஏதோ தூசி விழுந்துவிட்டது என்று நினைத்தேன்.

நான் அடித்துச் சொன்னதற்கு ஆதாரம் நீங்கள்தான். போன ஆவணியில் லீவில் வந்தபோது என்னோடு டேங்க் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தீர்கள். குமராட்சிப் பக்கம் பெண்கள் குடத்தோடு ஒன்றரை மைல் நடக்கிறார்கள், நீங்கள் லட்சம் லிட்டரைத் தொட்டியில் ஊற்றி ஊர் பேர் தெரியாதவனை மல்லாக்க மிதக்க விடுகிறீர்களே, அடுக்குமா என்று கேட்டேன். அதற்கு நீங்கள், மாமா, அது கடல் தண்ணிதான், கரையை விட்டுத் தள்ளிப் போனதும் பம்ப் போட்டு இழுத்து நிரப்புவோம், துறைமுகம் கிட்ட வந்தா புதுசா எடுக்க மாட்டோம், கப்பல் ஜாஸ்தியா ஆடினா வலையைக் கட்டி மூடிடுவோம், குடிக்கிற தண்ணியைக் கப்பல்ல காய்ச்சித்தான் எடுக்கறாங்க, அதைக் கொளத்துல கொட்டிக் கட்டுப்படியாகுமா என்று விளக்கமாகச் சொன்னீர்கள். எனக்கு அன்று மனசு ஆறியது. என் மாப்பிள்ளை நல்ல தண்ணீரை வீணடிக்கவில்லை என்று ஊரில் பத்துப் பேரிடம் சொன்னேன். அதைத்தான் பந்தியிலும் சொன்னேன், பம்ப், வலை எதையும் விடாமல், கொஞ்சம் சத்தமாக. சம்பந்தி இலையை விட்டு எழுந்துவிட்டார். “கடத் தண்ணியில கால் வெக்க மாட்டேன், அது நல்ல தண்ணிக் கொளம்னு அவுங்க அம்மாகிட்ட சொல்லிட்டுத்தான் எம்மவன் கப்பல் ஏறுனான்” என்றார்.

அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன். உங்கள் அம்மா, விருத்தாம்பாள் அம்மாள், வளையல் தட்டோடு வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார்கள். சுற்றியிருந்த பெண்கள் எல்லாரும் அவர்கள் முகத்தையே பார்த்தார்கள். அம்மா தட்டைக் கீழே வைத்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். இளமதி என்னை ஒரு பார்வை பார்த்தாள், மாப்பிள்ளை. பிறகு பாதிக் கையில் வளையலோடு அந்தக் கதவைத் தட்டி, திறந்ததும் உள்ளே போய்விட்டாள். உங்கள் தங்கை மலர்க்கொடியை அந்த டிசம்பர் ஞாயிற்றுக்கிழமை அலை கொண்டுபோனதிலிருந்து உங்கள் அம்மா கடற்கரைப் பக்கம் கால் வைப்பதில்லை என்பதும், மாசி மகத்துக்கு ஊர்ச் சாமிகளெல்லாம் கிள்ளைக் கடலுக்குத் தீர்த்தவாரிக்கு வரும்போது அவர்கள் மட்டும் கதவைத் தாழ் போட்டு உட்கார்ந்திருப்பார்கள் என்பதும் எனக்குத் தெரியாததா? தெரியும். இந்த மாசி மகம் போய் அன்றைக்கு ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. தெரிந்தும் வாய் நிற்கவில்லை.

பொண்ண இன்னைக்கு அழைச்சிக்கிட்டுப் போவ வேணாம் சம்பந்தி, நாள் பாத்து அப்பறம் சொல்லியனுப்பறேன் என்றார் உங்கள் அப்பா. சண்டை போட்டிருந்தால் பதிலுக்கு ஒரு வார்த்தை பேசியிருப்பேன். அவர் மரியாதையாகச் சொன்னார். நாங்கள் ஏழு தூக்கையும் தூக்கிக்கொண்டு, அதில் ஐந்து திறக்காதது, அதே பஸ்ஸில், அதே கண்டக்டரோடு திரும்பினோம். பொண்ணு எங்கே என்று அவர் கேட்டார். உங்கள் அத்தை அன்றைக்கு என்னோடு பேச்சை நிறுத்தியவள்தான்.

வீட்டில் உட்கார முடியவில்லை. நான் சொன்னது பொய்யில்லை என்றாவது நிரூபித்துவிடலாம் என்று செவ்வாய்க்கிழமை சிதம்பரம் போய் ஒரு பிரவுசிங் சென்டரில் ஏறினேன். அங்கே இருக்கும் இசைவாணி என்ற பெண் பொறுமைசாலி. உங்கள் கப்பலின் பெயரைத் தட்டி, குளத்தின் படத்தை எடுத்துக் காட்டினாள். ஓரத்தில் உப்புப் படிந்திருக்கிறதா என்று பார்க்கப் பெரிதாக்கச் சொன்னேன். பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கச் சொன்னேன். கட்டம் கட்டமாக நீலம்தான் தெரிந்தது. ‘அய்யா, இதுல கலர்தான் வரும், ருசி வராது’ என்றாள். மறுநாள் கடலூர் முதுநகருக்குப் போனேன். அங்கே லூர்துசாமி என்று ஒருவர், சரக்குக் கப்பலில் இன்ஜின் ரூமில் இருந்து ரிட்டயர் ஆனவர், என் பழைய பம்ப் மெக்கானிக்குக்கு வேண்டியவர். அவரைக் கேட்டால் தெரியும் என்றார்கள். எங்க கப்பல்லயும் கொளம் இருந்துச்சி, அதுல உருளைக்கெழங்கு மூட்டைதான் அடுக்கியிருப்போம் என்றார். சில கப்பலில் உப்பு, சில கப்பலில் நல்லது, சிலதில் இரண்டும் உண்டு, உங்க மாப்பிள்ளையையே கேட்டுடுங்களேன் என்று காப்பி கொடுத்து அனுப்பிவிட்டார். ஆகவே உங்களையே கேட்கிறேன்.

பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். கடலைப் பார்க்க என்று கப்பல் ஏறுகிறவன், சுற்றிலும் அவ்வளவு கடல் இருக்க, அதிலேயே இடுப்பளவு மொண்டு தொட்டியில் ஊற்றி, ஏணி வைத்து, ஓரத்தில் ஒரு ஆளையும் காவலுக்கு நிறுத்தி, அப்புறம்தான் இறங்குகிறான். பயமில்லாத அளவுக்கு அவனுக்குக் கடல் வேண்டியிருக்கிறது. அந்தக் காவல் ஆள் என் மாப்பிள்ளை. யாரும் முழுகிவிடாமல் பார்த்துக்கொண்டு நாளெல்லாம் வெயிலில் நிற்கிறீர்கள். தங்கையைக் கடலுக்குக் கொடுத்த ஒருவர் இந்த வேலையை ஏன் தேடிப் போனார் என்று இதுவரை நான் ஒருநாளும் கேட்டதில்லை. டேங்க் படிக்கட்டில் அவ்வளவு நேரம் உட்கார்ந்து லிட்டர் கணக்குத்தான் கேட்டேன். வெட்கமாக இருக்கிறது.

இன்னொன்றும் யோசித்தேன். நான் சொன்னது தப்பு என்றால் நேரே போய் மன்னிப்புக் கேட்டுவிடுவேன், அது சுலபம். நான் சொன்னது சரி என்றால் எப்படி மன்னிப்புக் கேட்பது என்று தெரியவில்லை. எதுவானாலும் உங்கள் எழுத்து வந்தால் ஒரு முடிவு தெரியும். பிள்ளை பிறப்பதற்குள் தபால் வந்தால் நல்லது.

வெயிலில் தொப்பி இல்லாமல் நிற்க வேண்டாம். கிடைக்கிற ஊரில் தயிர் வாங்கிச் சாப்பிடவும். எங்கள் குலசாமி உங்களைக் கரையிலும் நடுக்கடலிலும் ஒன்றுபோலக் காக்கட்டும். பேசாமல் இருக்கும் அத்தையின் ஆசீர்வாதமும் இதில் சேர்த்தி.

இப்படிக்கு,
தங்கள் மாமனார்,
கோ. தேவநாதன்,
டேங்க் ஆபரேட்டர் (ஓய்வு)

பின்குறிப்பு: 14.3.2010. நேற்றுத் தபாலாபீசில் கூட்டமென்று திரும்பிவிட்டேன். நல்லதாயிற்று. இன்று காலை பத்து மணிக்கு மினிபஸ்ஸிலிருந்து உங்கள் அம்மா இறங்கினார்கள், கையில் ஒரு தூக்கும் வளையல் தட்டும், பின்னால் இளமதி. மிச்ச வளையலை அவங்க அம்மாவே போடட்டும் என்று தட்டை உங்கள் அத்தையிடம் கொடுத்தார்கள். உங்கள் அத்தை அழுதுகொண்டே போட்டாள். நான் கொல்லையில் போய் நின்றேன். கொஞ்ச நேரத்தில் உங்கள் அம்மா அங்கே வந்தார்கள். அவர்கள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“அவன் மொத லீவுல வந்தப்பவே எனக்குத் தெரியும் சம்பந்தி. வேலைக்குப் போடற ஷூவ வெயில்ல காயவெக்க எடுத்தேன். தையல்ல வெள்ள வெள்ளையா பூத்திருந்துச்சி. நாக்குல வெச்சிப் பாத்தேன். அவன்கிட்ட ஒண்ணும் கேக்கல. கழுவி வெச்சிட்டேன். ஒவ்வொரு தடவையும் கழுவி வெக்கறேன், அதக் கழுவி வெச்சாத்தான் எனக்குத் தூக்கம் வருது. அவுங்கப்பாவுக்கும் தெரியும், எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிக்கிட்டிருக்காரு. அன்னைக்கு எல்லாரும் என் மொகத்தப் பாத்தாங்க, தெரியாத மாதிரி வெச்சிக்க வரல, அதான் உள்ள போயிட்டேன். அவன்கிட்ட சொல்லிடாதீங்க. நான் பயப்படறேன்னு தெரிஞ்சா அவன் அங்க பயப்படுவான்.”

சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். ஆனால் இரண்டு பக்கமும் வால்வை இறுக்கி மூடினால் நடுவில் குழாய்தான் வெடிக்கும், இது முப்பத்து நாலு வருஷத்தில் நான் கற்றது. ஆகவே இந்தப் பின்குறிப்பை நீங்கள் படிக்கவில்லை. மேலே கேட்ட மூன்று பிரதியும் வேண்டாம், முத்திரையும் வேண்டாம். அம்மாவிடம் போனில் எப்போதும்போல நல்ல தண்ணீர் என்றே சொல்லிவாருங்கள். நானும் இனி ஊரில் அப்படித்தான் சொல்வேன்.

மத்தியானம் உங்கள் அம்மா கொண்டுவந்த புளிச்சாதத்தை எனக்கு வைத்து, உப்பு சரியா இருக்கா பாருங்க என்றார்கள். வாயில் வைக்க முடியாத உப்பு. அளவாக இருக்கிறது என்று சொல்லி இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டேன். அடுத்த லீவில் வரும்போது குழந்தைக்கு என்ன வாங்கிவருவது என்று இளமதியைக் கேட்டுக்கொள்ளுங்கள். நான் கேட்பது ஒன்றுதான், மாப்பிள்ளை. அந்த ஷூவை மட்டும் நீங்களாகக் கழுவிவிடாதீர்கள், அப்படியே கொண்டுவாருங்கள்.