உப்போடையைத் தாண்டிய இரும்பு

"இந்த இரும்பை வச்சு உப்போடையைத் தாண்டி அடிக்க முடியாது மாமா," என்றார் மெல்வின், ஆப்பத்தைப் பிய்த்துக்கொண்டே.

ஹென்றி மோத்தாவின் கையிலிருந்த காப்பிக் கோப்பை அந்தரத்தில் நின்றது. சொன்னவர் மருமகன் என்பதால் அது மேசைக்குத் திரும்பியது. வேறு யாராவது சொல்லியிருந்தால் வாசலுக்குப் பறந்திருக்கும்.

கூடத்தில், திரு இருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே, ஹென்றியின் அப்பா வைத்திருந்த கோல்ஃப் மட்டை தொங்கியது. ஏழாம் நம்பர் இரும்பு. வெள்ளைக்காரக் கப்பல் ஏஜெண்ட் ஒருவர் ஊரைவிட்டுப் போகும்போது கொடுத்தது. அதைக்கொண்டு முத்தையாபுரத்து உப்போடையை அப்பா ஒரே அடியில் தாண்டினார் என்பது அந்த வீட்டில் பைபிளுக்கு அடுத்தபடியாக நம்பப்படுவது. அடுத்த வாரம் அவருடைய நூற்றாண்டு நினைவுப் பூசை. நினைவு அட்டையில் பெயருக்குக் கீழே அந்தப் பெருமையும் அச்சாக வேண்டும்: 'ஒரே அடியில் உப்போடையைத் தாண்டியவர்.' அட்டையை அச்சகத்துக்குக் கொண்டுபோக வேண்டியவர் மெல்வின்.

மெல்வின் கப்பலில் இரண்டாம் அதிகாரி. சிங்கப்பூரில் புது செட் வாங்கி விளையாடிப் பழகியவர்.

"ஓடை நூத்தம்பது கஜம் மாமா. போன்லயே மேப் வச்சு அளந்துட்டேன். பழைய இரும்பு கத்தி மாதிரி மெலிசு. நட்டநடுவுல பட்டாத்தான் பந்து போகும், கொஞ்சம் விலகினா கை மரத்துப் போகும். புதுசுல முதுகைக் குடைஞ்சு கனத்தை ஓரத்துக்குத் தள்ளியிருக்கான். தப்பாப் பட்டாலும் போகும்."

"தப்பா அடிக்கிறவனுக்காகச் செஞ்ச சாமான்னு சொல்லுங்க."

"தூரமும் அதிகம் மாமா. முகத்தை நிமிர்த்தி வச்சிருக்கான். நம்பர் குறைஞ்சா தூரம் கூடும். இன்னைக்கு ஏழாம் நம்பருங்கிறது அந்தக் காலத்து அஞ்சாம் நம்பர்."

"அப்போ இரும்பு முன்னேறல மாப்பிள்ளை. நம்பர்தான் முன்னேறியிருக்கு."

"அஞ்சோ ஏழோ, ஆப்பம் ஆறிப்போகுது," என்றாள் ஹென்றியின் மனைவி மெட்டில்டா, அவர் தட்டில் இன்னொன்றைப் போட்டபடி.

ஹென்றி எழுந்து நின்றார். "இந்த ஞாயித்துக்கிழமை காலைப் பூசை முடிஞ்சதும் உப்போடைக்கு வாங்க. அப்பாவோட இரும்பால நானே தாண்டிக் காட்டுறேன். தாண்டலேன்னா, அந்த வரியில என் கையாலயே கோடு போடுறேன். மோத்தா குடும்பம் பொய்யை அச்சடிக்காது."

வாழ்நாளில் தான் ஒரு பந்தையும் அடித்ததில்லை என்பது, சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கு நினைவுக்கு வந்தது.

மட்டையைக் கழற்றிப் பார்த்தார். உப்புக்காற்றில் துரு ஏறியிருந்தது. புளியும் மணலும் போட்டுத் தேய்த்தார். துரு போயிற்று. கூடவே இரும்பின் முகத்திலிருந்த கோடுகளும் போயின. துருதான் அதுவரை அடைத்துக்கொண்டிருந்ததோ என்னவோ, பிடிக்குழாயில் ஒரு ஓட்டையும் தெரிந்தது.

திரேஸ்புரத்தில் படகு பழுது பார்க்கும் ரோச்சிடம் கொண்டுபோனார்.

"இது என்னண்ணே, நண்டு குத்துத கம்பியா?"

"ஏலே, எங்க அப்பா கோல்ஃப் மட்டை!"

"அப்படியா? வள்ளத்துக்குப் போடுத ஃபைபரைச் சுத்தித் தாரேன். சூறாவளியே வந்தாலும் அசையாது."

அசையாதுதான். மறுநாள் மட்டை துடுப்புப் பருமனில் திரும்பி வந்தது. தலை கனத்தால்தான் தூரம் போகும் என்று, வலையில் கட்டும் ஈயக் குண்டு இரண்டையும் ரோச் தன் யோசனையாகவே வைத்து ஒட்டியிருந்தான்.

ஹென்றி கொல்லையில் பழகினார். முதல் வீச்சில் மெட்டில்டாவின் கறிவேப்பிலைக் கன்று வேரோடு வந்தது. இரண்டாவதில் குளியலறை வாளி இரண்டானது. மூன்றாவதில் அவருடைய இடுப்பு எங்கேயோ போய்விட்டது.

"உங்க அப்பா ஓடையைத் தாண்டினாரு," என்றாள் மெட்டில்டா, தைலம் தேய்த்துக்கொண்டே. "நீங்க வாசப்படியைத் தாண்டுங்க, பாப்போம்."

தைல வாசனையில் ஹென்றிக்குப் பகல் தூக்கம் மெல்ல ஏறியது. வெள்ளைக் கால்சட்டை போட்ட அப்பா ஓடைக்கரையில் நின்றார். இரும்பு ஒருமுறை மின்னியது. பந்து மேலே போயிற்று, போய்க்கொண்டே இருந்தது, கடற்காகமாகிச் சிறகு விரித்தது. கீழே இறங்க அதற்கு மனமில்லை. அப்பா திரும்பிப் பார்த்து, "முதுகை நிமித்துலே," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை உப்பளம் வானத்தைப் பெயர்த்துத் தரையில் வைத்ததுபோல் கிடந்தது. பாத்திகளில் மேகம் மிதந்தது. உப்புக் குவியல்கள் வெயிலில் கரைந்து கரைந்து மீண்டும் நின்றன. எது தரை, எது தண்ணீர் என்று பிரிக்க முடியாத வெளிச்சத்தில் நடந்தபோது, இடுப்பு வலியையே ஹென்றி மறந்துபோனார்.

முதலில் மெல்வின் தன் புது இரும்பால் அடித்தார். தீக்குச்சி உரசியது போல் சின்னச் சத்தம். பந்து அகலமான ஓடைக்கு மேலே சென்று அக்கரையில் விழுந்தது.

"தாண்டிடுச்சு மாமா," என்றார், குற்றம் செய்தவர் போல.

"உங்களுக்கு மூணு வாய்ப்பு," என்று மெட்டில்டா கணவனிடம் தானாகவே அறிவித்தாள்.

முதல் அடி மண்ணில் விழுந்தது. இரண்டாவது அடியில் பந்து தண்ணீருக்குள் போயிற்று. மூன்றாவதற்கு ஹென்றி கண்ணை மூடிக்கொண்டார். அப்பா தெரிந்தார். வீசினார்.

ஏதோ ஒன்று உயர எழும்பியது. மெல்லச் சுழன்று, வெயிலை வாரி இறைத்துக்கொண்டு போயிற்று.

"போகுது! போகுது!" என்று சிலுவை போட்டுக்கொண்டாள் மெட்டில்டா.

ஹென்றி கண்ணைத் திறந்தார். பந்து அவர் காலடியில் முட்டை போல உட்கார்ந்திருந்தது. போனது மட்டையின் தலை. அதுவும் ஓடைப் பக்கம் போகாமல், பக்கவாட்டில், ஒரு கிழவி உப்பு வாரிக்கொண்டிருந்த குவியலில் போய்ப் புதைந்தது.

மெல்வின் பக்கத்தில் வந்தார்.

"வரி இருக்கட்டும் மாமா. யாரு கேக்கப் போறா?"

"நான் கேப்பேன்."

ஹென்றி சட்டைப்பையிலிருந்து அட்டையின் மாதிரியை எடுத்தார். பேனாவைத் திறந்தார். அப்பாவின் பெயருக்குக் கீழே இருந்த வரியின் மேல் கோடு போட்டார். முதுகு வளையவில்லை. மெட்டில்டா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அதற்குள் கிழவி இரும்புத் தலையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். சீனித்தாய் என்று பெயர். அந்த உப்பளத்திலேயே பிறந்து வளர்ந்தவள்.

"எந்தலையில போடணும்னே எறிஞ்சியளா?"

"கோவிச்சுக்காதீங்க," என்றாள் மெட்டில்டா. "எங்க மாமனார் இந்த ஓடையை ஒரே அடியில தாண்டினார்னு சொல்லிட்டிருந்தோம். பொய்யின்னு ஆயிப்போச்சு."

"ஆரு, வெள்ளைக் கால்சட்டை போட்டு வருவாவளே, அந்த மோத்தா ஐயாவா? பொய்யின்னு எவன் சொன்னது? நான் அங்கனதான நின்னேன். ஒரே அடிதான். பந்து அக்கரையில விழுந்துச்சு. எடுத்துக் குடுத்ததே நாந்தான்."

ஹென்றி இரண்டு அங்குலம் உயர்ந்தார். "கேட்டீங்களா மாப்பிள்ளை? இரும்பு எது, அடிச்ச ஆளு யாருன்னு இப்பத் தெரியுதா?" கோடு போட்ட வரியை அதன் கீழேயே மறுபடி எழுதினார், முன்னைவிடப் பெரிய எழுத்தில்.

மெல்வின் ஓடையைப் பார்த்தார், கையிலிருந்த புது மட்டையைப் பார்த்தார். "நூத்தம்பது கஜம்... அந்த இரும்பை வச்சு... எப்படி, ஆச்சி?"

சீனித்தாய் ஓடையைப் பார்த்துச் சிரித்தாள்.

"பெறவுதான இதைத் தோண்டி இம்புட்டு அகலமாக்குனாவ! அப்பம்லாம் எங்க அம்மைக்குக் கஞ்சித் தூக்குச் சட்டியோட நானே ஒரு எட்டுல தாண்டிருவேன்."