ஸ்ரௌவ்வில் பள்ளிக்கூடத்தில் நாங்கள் பியர் குடிக்கவில்லை

டோர்செட் பார்க்,
ஸ்காபரோ.
18.03.1997

வாரப் பத்திரிகை ஆசிரியர் அவர்கட்கு,

வணக்கம். நானும் என் மகள் குடும்பமும் சுகம். தாங்களும் சுகமாயிருக்கவும், தங்கள் பத்திரிகையில் எழுத்துப் பிழைகள் குறையவும் பிரார்த்திக்கிறேன்.

சென்ற இதழின் ஐந்தாம் பக்கத்தில் 'தமிழ் வகுப்புக்கு இடம் தேடியவர்கள் பியர்க் கடையில்' என்ற செய்தியை வாசித்தேன். 'ஓய்வுபெற்ற கல்வி அதிகாரி ஒருவர்' என்று பெயர் குறிப்பிடாமல் எழுதியிருந்தீர்கள். எங்கள் கட்டடத்தில் ஓய்வுபெற்ற கல்வி அதிகாரி நான் ஒருவன்தான். இரண்டு நாளாக லிஃப்டில் என்னோடு வருகிறவர்கள் கதவைப் பார்த்துக்கொண்டு வருகிறார்கள். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எங்கள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் நாற்பத்திரண்டு பிள்ளைகள். வகுப்பு நடந்த நிலக்கீழ் அறையில் மாசி மாதம் தண்ணீர்க் குழாய் வெடித்து, பாலர் பாடப் புத்தகங்கள் மிதந்தன. சித்திரைக்குள் வேறு இடம் கிடைக்காவிட்டால் வகுப்பை மூடிவிடுவதென்று சங்கம் தீர்மானித்தது. அந்த நேரத்தில்தான் சங்கத் தலைவர் இரத்தினவேல் ஓர் ஆங்கிலப் பத்திரிகைத் தாளோடு வந்தார். ஸ்ரௌவ்வில் என்ற ஊரைத் தாண்டி வடக்கே, வயல்களுக்கு நடுவில், பழைய பள்ளிக்கூடக் கட்டடம் ஒன்று விற்பனைக்கு என்று அதில் போட்டிருந்தது. தாள் மூன்று வருடப் பழையது என்பதை அவர் கவனிக்கவில்லை. மீன்கடையில் மீன் சுற்றிக் கொடுத்த தாள் அது.

ஒன்பதாம் திகதி ஞாயிறு மத்தியானம் இரத்தினவேலின் வான் வண்டியில் அவரும், வகுப்பைப் படிப்பிக்கும் கமலாம்பிகை ரீச்சரும், நானும் புறப்பட்டோம். நான் கோட்டுப் போட்டு, கழுத்தில் ரையும் கட்டி, கையில் ஃபைலும் வைத்திருந்தேன், ஏனென்றால் இடம் பார்க்கப் போகிறவனைப் பார்த்ததும் மதிக்க வேண்டும், ஆனால் வழியில் பனி கொட்டி, இரண்டு தரம் ஒரே மாட்டுப் பண்ணைக்குள் போய்த் திரும்பி, மூன்றாம் தரம் பண்ணைக்காரனே கையைக் காட்டி அனுப்ப, கடைசியில் சிவப்புச் செங்கல் கட்டடமும் கூரையில் மணியும் தெரிந்தன. வாசலில் பன்னிரண்டு கார் நின்றது.

"ஞாயிற்றுக்கிழமையும் வகுப்பு வைக்கினம். நல்ல பள்ளிக்கூடம்" என்றார் ரீச்சர்.

உள்ளே உட்காரும் வாங்கும் மேசையும் ஒன்றாகப் பொருத்திய மரத் தளபாடங்கள், சுவரில் உலகப் படம், கரும்பலகை. மாணவர்கள்தான் எல்லோரும் தாடி வைத்திருந்தார்கள். கரும்பலகையில் ஆறு பெயர்களும் அவற்றுக்கு நேரே நாலரை, ஐந்து, ஏழு என்று இலக்கங்களும் எழுதியிருந்தன.

"ஏழுதான் கூடின மார்க்ஸ். சரியான மொக்குப் பிள்ளையள் போலை" என்று ரீச்சர் என் காதுக்குள் சொன்னார்.

கண்ணாடிக்குப் பின்னால் அதிபரின் அறை இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு பெரிய செப்பு அண்டாக்களில் ஏதோ அவிந்துகொண்டிருந்தது. பார்லியும் புளிப்புமாக ஒரு மணம். அப்போதுதான் எனக்கு விளங்கியது, அது பியர் காய்ச்சும் இடம், கரும்பலகையில் இருந்தவை பியரின் பெயர்களும் வெறியின் அளவும். ஆனால் இரத்தினவேல் ஏற்கெனவே அளவு நாடாவை விரித்துச் சுவரை அளக்கத் தொடங்கிவிட்டார். அதைக் கண்டு றீற்றா என்ற வெள்ளைக்காரப் பெண், கடைச் சொந்தக்காரி, கையைத் துடைத்தபடி ஓடி வந்து, நீங்கள்தானா இன்ஸ்பெக்டர் என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

நான் பதினேழு வருடம் வடமராட்சிப் பாடசாலைகளைப் பரிசோதித்தவன். அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் எனக்குப் பழக்கம். ஓம் என்றேன்.

இந்த நாட்டுக்கு வந்த ஆறு வருடத்தில் என்னை ஒருவரும் அப்படிக் கேட்டதில்லை. பேத்தி அட்சயாவின் குளிர்ச்சட்டைச் சிப்பை இழுத்துவிடுவதுதான் இங்கே என் உத்தியோகம். றீற்றா கதிரை கொண்டுவந்து போட்டார். வேலையாட்கள் மூன்று பேர் வரிசையாக வந்து நின்றார்கள். ஆசிரியர் அவர்களே, நான் உடனே எழும்பிப் போயிருக்க வேண்டும். போகவில்லை. வரவுப் பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னேன்.

குசினியைப் பார்த்தேன். பின் கதவை மறித்து அடுக்கியிருந்த பார்லி மூட்டைகளை அகற்றச் சொன்னேன், நெருப்புப் பிடித்தால் சனம் எதால் ஓடும்? கரும்பலகையில் ஓர் எழுத்துப் பிழையைத் திருத்தினேன். பிறகு றீற்றா ஒரு பலகையில் ஆறு சின்னக் கிளாஸ் கொண்டுவந்து வைத்தார்.

"சேர், இது அப்பிள் ஜூஸ் இல்லைப் போலை கிடக்கு."

"ரீச்சர், பரிசோதனை முடியுமட்டும் ஒண்டும் கதையாதேங்கோ."

ஊரில் பிள்ளைகளுக்குப் பணிஸ் ரொட்டி கொடுத்த காலத்தில், முதல் பணிஸை நான் கடித்துப் பார்த்த பிறகுதான் மற்றவற்றைப் பரிமாற விடுவேன். அதே முறையைத்தான் இங்கும் கையாண்டேன். ஆறாவதன் நிறம் இரண்டாவதைப் போலிருந்ததால், ஒப்பிட்டுப் பார்க்க இரண்டாவதை மறுபடி ருசிக்க நேர்ந்தது. 'மூவரும் குடித்தனர்' என்று நீங்கள் எழுதியது முழுப் பொய். வான் ஓட்ட வேண்டியிருந்ததால் இரத்தினவேல் உருளைக்கிழங்குப் பொரியல் மட்டும் தின்றார். ரீச்சர் கறுப்பாக இருந்த ஒன்றை மல்லிக் கோப்பி என்று நினைத்து எடுத்து, வாய் வைத்ததை வீணாக்கக் கூடாதென்று முடித்தார். அவ்வளவுதான்.

றீற்றா நீட்டிய கொப்பியில், "கட்டடம் சுத்தம். ஊழியர் ஒத்துழைப்பு நன்று. நான்காவது இன்னும் முன்னேற இடமுண்டு" என்று ஆங்கிலத்தில் எழுதி ஒப்பமிட்டேன். வெளிக்கிடும்போது அந்தப் பெண் என் இரண்டு கைகளையும் பிடித்து நன்றி சொன்னார். கண் கலங்கியிருந்தது. அந்தக் கடையில்தான் அவருடைய சீவியம் முழுவதும் இருக்கிறதாம்.

வானில் ஏறியதும் நான் ரையைக் கழற்றி ஃபைலுக்குள் வைத்தேன்.

"அண்ணை, நீங்கள் பொய் சொல்லேல்லை. என்ன இன்ஸ்பெக்டர் எண்டு அவ கேக்கேல்லைத்தானே?" என்றார் இரத்தினவேல்.

அது சரி. ஆனாலும் அந்தக் கண்கள் என்னை விடவில்லை. அந்தச் செவ்வாயன்றே நான் யார் என்பதை எழுதி, மன்னிப்புக் கேட்டு, றீற்றாவுக்குக் கடிதம் போட்டுவிட்டேன். பொலிசுக்கு அறிவிப்பதானால் வீட்டில் பகல் முழுவதும் இருப்பேன் என்றும் குறிப்பிட்டேன்.

தங்கள் நிருபர் எங்கள் வானை அந்த வாசலில் கண்டதாக எழுதியிருக்கிறார். அந்த வயல்வெளிக்குள் அவர் என்ன தேடிப் போனார் என்பதை எழுதவில்லை.

நானோ எங்கள் சங்கத்தைச் சேர்ந்த எவருமோ அந்தக் கட்டடத்தின் படியை இனி ஒருபோதும் மிதிக்கமாட்டோம் என்று உறுதி கூறுகிறேன். இந்த மறுப்பை ஐந்தாம் பக்கத்திலேயே, அதே பருமன் எழுத்தில், ஒரு வரியும் வெட்டாமல் வெளியிடவும். தங்களுக்கும், அச்சுக் கோப்பவருக்கும், அந்த நிருபருக்கும்கூட, இறைவன் நீண்ட ஆயுளைத் தருவானாக.

இங்ஙனம்,
மு. சச்சிதானந்தன்

பி.கு. (21.03.1997): இந்தக் கடிதத்தைத் தபாலில் போடமுன், என் மன்னிப்பை வாசித்த றீற்றா தொலைபேசி எடுத்தார். அசல் இன்ஸ்பெக்டர் சென்ற கிழமை வியாழன் வந்தாராம். பின் கதவுப் பக்கம் ஒரு மூட்டையும் இல்லாததைப் பார்த்துப் புகழ்ந்துவிட்டுப் போனாராம். சனிக்கிழமைகளில் கடை இரண்டு மணிக்குத்தான் திறப்பார்களாம், காலையில் வகுப்பு வைத்துக்கொள்ளச் சொல்கிறார். சங்கம் ஒரு மனதாக ஏற்றுக்கொண்டது. ஆகையால் மேற்கண்ட மறுப்பைத் தயவுசெய்து வெளியிட வேண்டாம். அதே இடத்தில் இத்துடன் இணைத்துள்ள வகுப்பு அறிவித்தலைப் போடவும். அதில் ஒரு வரியைத் தடித்த எழுத்தில் போட வேண்டும்: பிள்ளைகளை ஏற்றி இறக்கும் பணிக்கு இனி ஆட்கள் தேவையில்லை, இந்த இரண்டு நாளுக்குள் பதினேழு தகப்பன்மார் பெயர் கொடுத்துவிட்டார்கள்.